அடுப்படிக்கு வராத நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிப்பது என்றால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் வாசலையும் முன்னறையையும்தான். டிசம்பர் பிறந்ததும் தாழ்வாரத்தில் காகித நட்சத்திரம் ஏறும். முன்னறை மூலையில் சவுக்குக் கிளையோ பிளாஸ்டிக் மரமோ நிற்கும், பக்கத்தில் குடில், ஜன்னலில் சீரியல் பல்பு. கேரல் பாட வருகிறவர்களின் பார்வை எட்டும் இடம் வரைக்கும் அலங்காரம் போகிறது, அங்கேயே நின்றும்விடுகிறது. ஆனால் பண்டிகைக்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டுப் பெண்கள் இருப்பது அடுப்படியில். அதிரசத்துக்குப் பாகு பதம் பார்ப்பது, முறுக்கு பிழிவது, இருபத்தைந்தாம் தேதி விடியுமுன் கறிக்கு மசாலா அரைப்பது எல்லாம் அங்கேதான் நடக்கிறது.

இப்போது அந்த அடுப்படிக்கும் அலங்காரம் வேண்டும் என்ற பேச்சு பரவியிருக்கிறது. அலமாரிக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன், அடுப்புக்கு மேலே பச்சை பிளாஸ்டிக் மாலை, ஜன்னல் கண்ணாடியில் பனித்துகள் ஸ்டிக்கர் என்று செல்போனில் வரும் படங்களில் எல்லா அடுப்படியும் ஒரே சாயலில் இருக்கிறது. நகரத்து அடுக்குமாடி வீட்டில் இதைச் செய்துவிடலாம். பெரிய கெடுதலும் இல்லை, பெரிய பயனும் இல்லை. அங்கே வைத்து இந்தக் கேள்வியை எடைபோட்டால் விடை கிடைக்காது. விறகு எரியும், மூட்டம் இறங்கும், சுவரில் கரி படியும் ஓர் இடத்துக்குக் கொண்டுபோனால்தான் அலங்காரம் எதற்கு என்பது தெரியும். அதனால் கொல்லிமலையின் திருப்புலி நாட்டை எடுத்துக்கொள்கிறேன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பிரிந்த மலை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்ற வரிசையில் திருப்புலி நாடும் ஒன்று. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் மேலே வந்துவிடுகிறோம். சமவெளியில் மார்கழிக் குளிர் விடியற்காலையோடு போய்விடும். இங்கே மாலை நான்கு மணிக்கே மூட்டம் இறங்குகிற நாட்கள் உண்டு. அடுப்பு எரியும் இடத்தைச் சுற்றித்தான் குழந்தைகள் உட்காரும், பெரியவர் கால் நீட்டும், அண்டை வீட்டார் வந்தால் பேச்சு நடக்கும். சமவெளி வீட்டில் முன்னறை செய்கிற வேலையை மலைவீட்டில் அடுப்படி செய்கிறது.

அடுப்படி அலங்காரத்துக்கு ஆதரவான முதல் வாதமே இதுதான், அதில் வலு இருக்கிறது. குடும்பம் கூடும் இடத்தை விட்டுவிட்டுத் தெருவில் போகிறவர் பார்க்கும் இடத்தை மட்டும் அலங்கரித்தால் பண்டிகை யாருக்கு? ஐரோப்பாவிலும் குடும்பம் கூடும் இடத்தை அலங்கரித்ததுண்டு. தெற்கு ஸ்வீடனில் ஹாலன்ட், ஸ்மோலன்ட் பகுதி விவசாயிகள் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கிறிஸ்துமஸுக்கென்றே துணியிலும் காகிதத்திலும் தீட்டிய ஓவியங்களை அடுப்பு எரியும் பெரிய அறையின் சுவரிலும் கூரைச் சரிவிலும் தொங்கவிட்டார்கள். கானாவூர்க் கல்யாணம், குதிரை மேல் வரும் மூன்று ஞானிகள் போன்ற விவிலியக் காட்சிகள் அவற்றில் இருந்தன. புகை படிந்த சுவரைப் பண்டிகை நாட்களில் மறைக்க அது ஒரு வழி. பண்டிகை முடிந்ததும் சுருட்டிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். சொந்த வீட்டின் கரியைப் பார்த்து, அதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியதில் பிறந்த அழகு அது. இன்று கடையில் தொங்கும் பிளாஸ்டிக் மாலைக்கு எந்தச் சுவரின் கரியும் தெரியாது.

இன்னொரு வாதம் வேதத்திலிருந்து வருகிறது. மத்திய கிழக்கில் பல பத்தாண்டுகள் வாழ்ந்து கற்பித்த விவிலிய அறிஞர் கென்னத் பெய்லி, 2008இல் வந்த தம் நூலில் இயேசு பிறந்த இடத்தைப் பற்றி விரிவாக வாதிடுகிறார். பாலஸ்தீனத்துச் சாதாரண விவசாயியின் வீடு ஒரே பெரிய அறை. சற்று உயர்ந்த தளத்தில் குடும்பம் சமைத்து, உண்டு, உறங்கும். வாசலோரத் தாழ்ந்த தளத்தில் இரவில் ஆடுமாடு அடையும். தீவனத் தொட்டி அந்த இரண்டுக்கும் இடையில், வீட்டுக்குள்ளேயே இருக்கும். அப்படியானால் குழந்தையைக் கிடத்தியது தனித்த தொழுவத்தில் இல்லை, ஒரு குடும்பம் புழங்கும் அறையில். எல்லா அறிஞரும் இதை ஏற்பதில்லை. எனக்கு அவர் சொல்வது நெருக்கமாகப் படுகிறது. அவர் சொல்வது சரியென்றால் குடில் இருக்க வேண்டிய இடம் முன்னறை மூலையைவிட அடுப்படிக்குத்தான் பக்கம். ஆனால் நம் குடிலில் வைக்கோல் இருக்கிறது, அடுப்பில் நெருப்பு இருக்கிறது. எண்ணத்தில் சரியாக இருப்பது பொருளில் சரியாக அமையாமல் போகலாம். இந்தக் கேள்வி முழுக்க அந்தச் சிக்கல் ஓடுகிறது.

அதனால் ஒவ்வோர் அலங்காரத்தையும் பொருளாகவே எடுத்துப் பார்க்க வேண்டும். நெருப்புக்கு அருகில் அது நிற்குமா? ஏற்கெனவே களைத்திருக்கும் பெண்ணின் வேலையைக் கூட்டுமா, குறைக்குமா? அந்த இடத்தில் காரணத்தோடு இருக்கும் வேறொன்றை அது தள்ளிவிடுகிறதா? இந்த மூன்று கேள்வி எனக்குப் போதும்.

திருப்புலி நாட்டில் மலையாளிப் பழங்குடியினரின் பழைய வீடு ஒன்றின் அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். மண்சுவர். தரை சாணி மெழுகியது. மண் அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அதில் விதைக்கு ஒதுக்கிய கதிர், வாய் அடைத்த சுரைக்குடுவை, காயும் மக்காச்சோளம். எல்லாம் புகை குடித்துப் பழுப்பேறி இருக்கும். பரண் மூங்கிலோ மெருகு போட்டதுபோல் கறுத்துப் பளபளக்கும். அந்தப் புகைதான் விதையில் வண்டு விழாமல் காக்கிறது, கூரை மூங்கிலையும் புல்லையும் பூச்சி அரிக்காமல் பார்த்துக்கொள்கிறது. சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு என்று இந்த மலை வைத்திருந்த சிறுதானிய வகைகளை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே தங்கிப் பதிவு செய்து மீட்க உழைத்திருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளி வயலைப் பிடித்துக்கொண்ட பிறகும் அந்த விதைகளில் சில மிஞ்சியதற்கு, தானியம் சேர்த்துவைக்கும் மூங்கில் தொம்பைக்கும் அடுப்புக்கு மேலிருந்த பரணுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பரணில் ஜிகினாத் தோரணம் கட்டுவதை என் மூன்று கேள்விகளுக்கும் நேரே நிறுத்தினால் ஒன்றில்கூடத் தேறாது. கடைத் தோரணங்களில் பெரும்பாலானவை பி.வி.சி. என்ற பிளாஸ்டிக். எண்பது டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்குவது, எரிந்தால் மூச்சுக்குழாயை அரிக்கும் அமில வாயுவை விடுவது. விறகு அடுப்பில் ஒரு சுள்ளி வெடித்துப் பொறி பறந்தால் போதும். எரியாமல் தப்பினாலும் எண்ணெய் ஆவியும் கரியும் சேர்ந்து நான்கே நாளில் பிசுபிசுப்பு ஏறும். அதைக் கழுவுவதும் அதே பெண்ணின் வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, விதை இருக்க வேண்டிய இடத்தை அது எடுத்துக்கொள்கிறது. அடுப்புக்கு மேலே கதிர் தொங்கும் அந்தக் காட்சியைவிட அறுவடையையும் நம்பிக்கையையும் சொல்லும் அலங்காரத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சீரியல் பல்பையும் அடுப்படியிலிருந்து விலக்கத்தான் வேண்டும். ஆவி, எண்ணெய், ஈரக்கை, ஒட்டுப்போட்ட மெல்லிய ஒயர் நான்கும் ஓர் இடத்தில் கூடக் கூடாது. பலூன், மெழுகுவர்த்தி வரிசை பற்றிப் பேசவே தேவையில்லை.

பச்சைக் கிளை கொஞ்சம் யோசிக்க வைக்கிறது. டிசம்பரில் கொல்லிமலைக் காப்பித் தோட்டத்தில் பழம் சிவக்கும் காலம். கரும்பச்சை இலைக்கு நடுவே கணுவுக்குக் கணு கொத்தாகச் செந்நிறப் பழம் நிற்பதைப் பார்த்தவர்கள் பிளாஸ்டிக் சிவப்பு மணிக்குக் காசு கொடுக்க மாட்டார்கள். ஆனால் பழத்தோடு கிளையை ஒடிப்பது இந்த ஆண்டு விளைச்சலையும் ஒடிப்பது. அந்தக் கிளையின் நுனி வளர்ச்சியில்தான் அடுத்த ஆண்டுப் பூவும் வர வேண்டும். தோட்டக்காரர் யாரும் அதைச் செய்யமாட்டார். எப்படியும் கிள்ளி எறிகிற சிம்பு உண்டு. மிளகுக்கொடி ஏற நட்ட சில்வர் ஓக் மரங்களில் நிழல் குறைக்க வெட்டும் கிளையும் உண்டு. அதில் இரண்டைக் கொண்டுவந்து அடுப்புக்கு எதிர்ச்சுவரில், நீர் நிறைந்த குடத்தில் வைக்கலாம். இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. சேலம், நாமக்கல் பக்கத்தில் பொங்கலுக்கு முந்தைய நாள் கூரை இறவாரத்தில் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ சேர்த்துக் காப்புக் கட்டுகிறார்கள். மண் தருவதைக் கொண்டு வீட்டுக்குப் பண்டிகை சொல்லும் வழக்கம் இங்கே வேரோடு இருக்கிறது.

கோலத்தை எடுத்தால், அது தீப்பிடிக்காது, எதையும் தள்ளாது, கை பழகியவருக்கு நிமிட வேலை. அடுப்பைச் சுற்றி அரிசி மாவுக் கோடு இழுப்பது இந்து வழக்கம் என்று ஒதுக்கும் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கின்றன. நட்சத்திரக் கோலம் போடும் குடும்பங்களும் இருக்கின்றன. அந்தந்த வீட்டு மனச்சாட்சி முடிவு செய்யட்டும். எனக்கு அதில் தடை தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்த அலங்காரத்தைக் கிறிஸ்தவ மரபு என்று சொல்லிக் காப்பாற்றப் பார்ப்பதும் இந்த மலையில் செல்லாது. கொல்லிமலையில் கிறிஸ்தவத்தைக் கால் ஊன்றச் செய்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும். இங்கிலாந்தின் ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் சபை அனுப்பிய ஜெஸ்ஸி 1907இல் இந்தியா வந்தார். 1913இல் திருமணம் முடித்து இருவரும் வாழவந்தியில் குடியேறினார்கள். தொழுநோய் அறுவைச் சிகிச்சையில் பின்னாளில் உலகறிந்த டாக்டர் பால் பிராண்ட் 1914இல் அவர்களுக்குப் பிறந்தவர். ஜெஸ்ஸி இந்த மலைக்குக் கொடுத்தவை மருந்து, பள்ளிக்கூடம், தச்சுவேலை, வீடு கட்டும் முறை, பழமரம். 1929இல் கருநீர்க் காய்ச்சலில் இறந்து வாழவந்தியில் அடக்கமானார். லண்டன் வசதி வீட்டில் வளர்ந்த, ஓவியம் தீட்டத் தெரிந்த ஈவ்லின், மிஷன் ஓய்வு கொடுத்த பிறகும் மலையை விட்டுப் போகாமல் கல்வராயன், பச்சைமலை என்று நடந்து உழைத்து 1974 டிசம்பர் 18இல் கண்மூடினார். அவர் கல்லறையும் கணவர் அருகில் அங்கேதான். இவர்கள் விட்டுப்போன மரபு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது ஜனங்களின் வீட்டுக்குள் போய் அங்கே வாழ்வு எப்படி இருக்கிறது என்று பார்த்ததுதான். பளபளப்புத் தாள் அந்த மரபில் சேராது. அது அண்மைக் காலத்தில் அடிவாரக் கடைகளிலிருந்து பஸ் ஏறி வந்தது.

அந்தக் கண்ணோடு இன்றைய அடுப்படிக்குள் போனால் முதலில் தெரிவது புகை. இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும்: புகை விதையையும் கூரையையும் காக்கிறது என்று இப்போதுதானே சொன்னாய்? உண்மைதான். 1980களில் அரசு கொண்டுவந்த புகையில்லா அடுப்புத் திட்டத்தைக் குறைசொன்னவர்களில் சிலர் இதே காரணத்தைக் காட்டினார்கள். புகை போனதும் கூரையில் பூச்சி வந்தது என்றார்கள். ஆனால் வீடு மாறிவிட்டது. புல்வேய்ந்த கூரை இடுக்கெல்லாம் புகையைக் கசியவிட்டது. அதற்குப் பதிலாக வந்த கான்கிரீட் தொகுப்பு வீட்டின் கூரையில் ஓர் ஊசி நுழையாது. அதே விறகு, அதே அடுப்பு, வெளியே போக வழியில்லாத புகை. காக்கப் புல்லும் இல்லை, பல வீடுகளில் பரணும் இல்லை. நன்மை போய்க் கெடுதல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வீட்டுக்குள் எரியும் எரிபொருளின் புகையால் 2020இல் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கேஸ் இணைப்பு ஏழைக் குடும்பங்களுக்கும் வந்தது, நல்ல காரியம். ஆனால் சிலிண்டர் விலையும் மலையேறிவரும் செலவும் சேரும்போது, கேஸ் டீக்கும் அவசரத்துக்கும், சோற்றுக்கும் வெந்நீருக்கும் விறகு என்று பல வீடுகளில் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். பண்டிகைப் பலகாரத்துக்குப் பெரிய இரும்புச் சட்டி ஏறும் நாளில் எரிவது விறகுதான். ஆண்டிலேயே அதிகப் புகை அடுப்படியில் நிற்பது கிறிஸ்துமஸை ஒட்டிய நாட்களில்.

இதில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு புத்தகம் இருக்கிறது. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த எஸ்.பி. ராஜு கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை கிடைக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதிய சிறுநூல். புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வீட்டிலேயே கட்டுவது எப்படி என்று சொல்வது. 1953இல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்த கிறிஸ்தவ இலக்கியச் சங்கம். வேத விளக்கமும் பாட்டுப் புத்தகமும் அச்சிட்ட அந்தப் பதிப்பகம், பெண்ணின் கண்ணெரிச்சலும் தன் வேலைக்குள் வரும் என்று அன்றே நினைத்திருக்கிறது. டிசம்பரில் சபைகளில் நட்சத்திரப் போட்டியும் குடில் போட்டியும் நடக்கின்றன; பரிசும் தருகிறார்கள். யார் வீட்டு அடுப்புக்கு இந்த ஆண்டு புகைபோக்கி வந்தது என்று எந்தச் சபையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வெளிச்சமும் அப்படியே. பல அடுப்படிகளில் ஒரே ஒரு பல்பு, அதுவும் அறையின் நடுவில் அல்லது கதவுக்கு மேலே. அடுப்பைப் பார்த்து உட்காருகிற பெண்ணுக்கு வெளிச்சம் முதுகில் விழுகிறது. அவள் நிழலே சட்டிக்குள் விழுகிறது. அதிரசம் எந்த நிறத்தில் சிவந்திருக்கிறது என்று பார்க்கத் தலையைச் சாய்த்து, உடலை ஒதுக்கி, கொதிக்கும் எண்ணெய்க்கு இன்னும் நெருங்கி எட்டிப் பார்க்கிறாள். அந்தப் பல்பை அடுப்புக்குப் பக்கவாட்டுச் சுவருக்கு, தலை உயரத்துக்கு மேல், ஆவி நேராகப் படாத இடத்துக்கு மாற்றினால் போதும். ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பும் சில அடி ஒயரும் ஒரு நல்ல நட்சத்திரத்தின் விலையைத் தாண்டாது. ஒளியின் பண்டிகையில் ஒளி விழ வேண்டிய இடம் அந்தச் சட்டி.

சுவருக்குச் சுண்ணாம்பு. என் கணக்கில் அடுப்படி அலங்காரத்தில் முதலிடம் இதற்குத்தான். எரியாது. கிடைக்கும் வெளிச்சத்தைத் திருப்பித் தந்து அறையை இரு மடங்கு காட்டும். காரத்தன்மையால் பூஞ்சையை அண்டவிடாது. மூட்டம் குடியிருக்கும் மலையில் அது சின்ன விஷயம் இல்லை. எதையும் இடம்பெயர்க்காது. ஆனால் செய்ய வேண்டிய விதத்தில் செய்ய வேண்டும். கரி படிந்த சுவரில் நேராகச் சுண்ணாம்பு அடித்தால் மறுநாளே பழுப்பு ஊறி மேலே வரும். தென்னந்துடைப்பத்தால் ஒட்டடையும் கரியும் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, மூட்டம் விலகிய நாள் பார்த்து இரண்டு கை அடிக்க வேண்டும். மண்சுவராக இருந்தால் மேல்பாதிக்குச் சுண்ணாம்பும் அடிப்பகுதிக்குச் செம்மண் பட்டையும் போட்டால் கண்ணுக்கும் அழகு, கரியும் உடனே தெரியாது. பல வீடுகளில் வெள்ளையடிப்பு தெருச்சுவரில் தொடங்குகிறது. வாளியில் மிச்சம் இருந்தால்தான் அடுப்படிக்கு வருகிறது. பெரும்பாலும் மிச்சம் இருப்பதில்லை.

சுரண்டுவது யார் என்ற கேள்வியைத் தாண்டி இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டு தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒருவர் நாளுக்கு 299 நிமிடம் செலவிட்டார், ஆண் 97 நிமிடம். அப்படி ஈடுபடும் ஆண்களே குறைவு. இந்த நிலையில் அடுப்படியை அலங்கரியுங்கள் என்று பெண்ணிடம் சொல்வது அவள் சுமையில் இன்னொரு கட்டு விறகை ஏற்றுவது. செல்போன் படங்கள் எல்லாம் அவளிடமே சொல்கின்றன என்பதுதான் அந்தப் போக்கின் மீது என் பெரிய குற்றச்சாட்டு. பிளாஸ்டிக்கும் பனித்துகளும் அதற்குப் பிறகுதான். பணிவிடையில் அலைந்த மார்த்தாளும் இயேசுவின் காலடியில் அமர்ந்த மரியாளும் வரும் விவிலியக் கதையை டிசம்பரில் அடுப்படிப் பெண்களுக்குப் புத்திமதியாகச் சொல்கிற பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். மார்த்தாளின் கைவேலையில் பாதியை வாங்கிக்கொள்ள யாரும் எழுந்திருக்காத வீட்டில் அந்தப் புத்திமதிக்கு என்ன நியாயம்?

அடுப்படிக்குக் கிறிஸ்துமஸ் அலங்காரம் வேண்டும் என்பதே என் தீர்ப்பு. முன்னறைக்கு வேண்டுவதைவிட அதிகமாகவே வேண்டும். ஆனால் கடைத் தோரணம், சீரியல் பல்பு, பனித்துகள் ஸ்டிக்கர் மூன்றையும் தள்ளுகிறேன். சுண்ணாம்பு, இடம் மாற்றிய ஒரு பல்பு, கான்கிரீட் கூரை வீட்டில் புகைபோக்கி, பரண் இருக்கும் வீட்டில் அந்தப் பரணும் விதையும், மனம் இருந்தால் ஒரு குடம் பச்சைக் கிளை. இவ்வளவையும் ஏற்கிறேன். வேலையை ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்தத் தீர்ப்போடு பிரிக்க முடியாமல் ஒட்டிய நிபந்தனை. மலையிலோ சமவெளியிலோ இதைப் படிக்கும் அண்ணன்மார், தம்பிமார், அப்பாமார் இந்த டிசம்பரில் சுண்ணாம்பு வாளியை முதலில் அடுப்படிக்குக் கொண்டுபோங்கள். மிச்சம் இருந்தால் தெருச்சுவருக்கு அடியுங்கள்.